பாரிஸ் வீதியில் ஒரு பித்தளை மோதிரம்

 

பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில் அமைந்துள்ள எங்கள் குண்டடம், வேளாண்மையும் ஆடுமாடு வளர்ப்பும் தழைத்த ஊராகும். எனினும் இன்று இவ்வட்டாரத்தாரின் பிழைப்பில் பெரும்பகுதி திருப்பூர்ப் பனியன் தொழிலைச் சார்ந்தே நிற்கிறது. விடிந்ததும் கம்பெனி வேன்கள் வந்து ஆட்களை ஏற்றிச் செல்கின்றன. மக்தபில் குர்ஆன் ஓதி, பின்னர்க் கல்லூரியிலும் பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் சிலர் ஏற்றுமதி நிறுவனங்களில் மெர்ச்சண்டைசர்களாகப் பணியாற்றுகின்றனர். வெளிநாட்டுக் கொள்முதலாளரைச் சந்திக்கவும், துணிக் கண்காட்சிகளைக் காணவும் முதலாளிமார் இவர்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வைக்கின்றனர். பாரிஸ் மாநகரின் வடக்கே வில்பேந்த் என்னுமிடத்தில் நடைபெறும் 'பிரமியேர் விசியோன்' துணிக் கண்காட்சியைத் தொழிலில் உள்ளோர் நன்கறிவர்.

பாரிசுக்குச் செல்வோர் இவர்கள் மட்டுமல்லர். 1954-ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆட்சி நீங்கிய காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமையுடன் அங்குச் சென்று வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பல உண்டு. அவர்களோடு சம்பந்தம் செய்துகொண்ட பெற்றோர், மகளின் பேறுகாலம் பார்க்கவும் பேரப்பிள்ளையைக் கொஞ்சவும் முதன்முறையாக விமானம் ஏறுகின்றனர்.

புறப்படுமுன் பலர் மதரஸாவுக்கு வந்து, "ஹஜ்ரத், பயணத்தில் என்ன துஆ ஓத வேண்டும்?" என்று கேட்பதுண்டு. துஆவைச் சொல்லிக் கொடுக்கிறோம். கஸ்ர் தொழுகையின் சட்டங்களையும் விளக்குகிறோம். ஆனால் பயணியின் பொருளைக் காப்பதும் மார்க்கம் கற்பிக்கும் பாடமே என்பதைச் சொல்லத் தவறிவிடுகிறோம். மார்க்கச் சட்டத்தின் நோக்கங்கள் ஐந்து என வகுத்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், தீன், உயிர், அறிவு, வம்சம் ஆகியவற்றோடு பொருளைக் காப்பதையும் அவற்றுள் ஒன்றாகவே சேர்த்துள்ளார்கள். தொழுது கொண்டிருக்கும்போது தன் உடைமை களவு போவதைக் கண்டால் தொழுகையை விட்டுவிட்டு அதைக் காத்துக்கொள்ள ஹனஃபி மத்ஹபின் சட்ட நூல்கள் அனுமதி அளிக்கின்றன. இதிலிருந்தே பொருளைப் பேணுதலின் முக்கியத்துவம் விளங்கவில்லையா?

எனவே இம்மாதம், பாரிஸ் போன்ற ஐரோப்பிய நகரங்களில் பயணிகளை ஏமாற்றும் வழிகளையும், அவற்றுக்கு நம் மார்க்க அறிவு தரும் விடையையும் காண்போம். சென்று வந்தோர் கூறுவனவும், பாரிஸ் காவல்துறை பயணிகளுக்கு விடுத்துவரும் எச்சரிக்கைகளும் இங்குத் தொகுக்கப்பட்டுள்ளன.

நற்குணமே தூண்டில்

முதலில் ஓர் உண்மையை மனத்தில் இருத்துங்கள். அங்குள்ள ஏமாற்றுக்காரன் பெரும்பாலும் கத்தியைக் காட்டுவதில்லை. நம்முடைய நற்குணங்களையே அவன் தூண்டிலாகப் பயன்படுத்துகிறான். நம் நேர்மை, மரியாதை, இரக்கம், அதிகாரிகளிடம் நமக்குள்ள அச்சம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அவனிடம் ஒரு தந்திரம் உண்டு. 'பேசாமல் போனால் தவறாக நினைப்பாரோ' என்று நாம் தயங்கி நிற்கும் அந்த அரை நிமிடம் அவனுக்குப் போதுமானது. ஆகவே சந்தேகக்காரனாக மாறுவது இதற்கு மருந்தாகாது. எந்த இடத்தில் எந்தக் கடமை உண்டு, எந்தக் கடமை இல்லை என்பதை முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பதே மருந்தாகும். அவ்வாறு அறிந்தவனுக்குத் தயக்கம் வராது.

கண்டெடுத்த மோதிரம்

பாரிசின் நடுவே செய்ன் நதி ஓடுகிறது. அதன் கரையோரத்தில் நீங்கள் நடந்து செல்கிறீர்கள். எதிரே வருபவர் திடீரெனக் குனிந்து, உங்கள் காலடியிலிருந்து ஒரு தடித்த பொன்னிற மோதிரத்தை எடுக்கிறார். "இது உங்களுடையதா?" என்று வினவுகிறார். நீங்கள் இல்லை என்கிறீர்கள். அவர் அதைத் தம் விரலில் போட்டுப் பார்த்து, தமக்குப் பொருந்தவில்லை என்கிறார். உள்ளே பொறித்திருக்கும் முத்திரையைக் காட்டி, சுத்தத் தங்கம் என்கிறார். இறுதியில், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், என் சாப்பாட்டுக்கு ஏதேனும் கொடுங்கள் என்று வேண்டுகிறார். மோதிரம் பித்தளை. அவர் குனியும்போதே அது அவர் கைக்குள் இருந்தது.

நகைக்கடையில் முத்திரை பார்த்து வாங்கிப் பழகியவர்கள் நாம். ஆகவே முத்திரையைக் கண்டதும் மனம் சற்று இளகும். ஆனால் முத்திரையைப் பித்தளையிலும் குத்தலாம் அன்றோ?

இங்கே மார்க்கச் சட்டத்தை எண்ணிப் பாருங்கள். கண்டெடுத்த பொருளுக்கு 'லுகதா' என்று பெயர். நம் ஃபிக்ஹு நூல்களில் அதற்கெனத் தனிப் பாடமே உண்டு. விலையுயர்ந்த பொருளைக் கண்டெடுத்தவர் அதை அமானிதமாக வைத்திருந்து, உரியவரைத் தேடி ஓராண்டு அறிவிப்புச் செய்ய வேண்டும். கண்டெடுத்த கணமே விற்பதற்கு அவருக்கு உரிமை இல்லை. அவருக்கு விற்க உரிமை இல்லாதபோது நமக்கு வாங்க உரிமை ஏது? ஆகவே அது பித்தளையா, பொன்னா என்ற ஆராய்ச்சிக்கே நாம் இறங்க வேண்டியதில்லை. பொன்னேயாயினும் நமக்கு ஆகாது.

பிரெஞ்சு நாட்டாரின் ஏற்பாடும் இதற்கு மாறானதன்று. கண்டெடுத்த பொருள்களைப் பெற்று உரியவரிடம் சேர்ப்பிக்க, பாரிஸ் காவல்துறையின் கீழ் 1805-ஆம் ஆண்டு முதல் ஓர் அலுவலகம் இயங்கி வருகிறது. நேர்மையான பாரிஸ்வாசி மோதிரத்தைக் கண்டெடுத்தால் அங்கு ஒப்படைப்பார். உங்களிடம் விலை பேச மாட்டார்.

இத்தந்திரம் நமக்குப் புதிதுமன்று. நம் ஊர் வங்கி வாசலில் பத்து ரூபாய்த் தாள்களைச் சிதறவிட்டு, "ஐயா, உங்கள் பணம் விழுந்துவிட்டது" என்று கூறி, நாம் குனிந்து பொறுக்கும்போது கைப்பையைக் கவர்ந்து செல்லும் கூட்டத்தைப் பற்றி நாளிதழ்களில் படித்திருக்கிறோம். ஊர் வேறு, நாணயம் வேறு, சூழ்ச்சி ஒன்றே.

கையில் கட்டும் கயிறு

மோன்மார்த்ர் என்னும் குன்றின் மீது வெண்ணிறத்தில் சாக்ரே கேர் என்ற பெரிய தேவாலயம் நிற்கிறது. அங்கிருந்து நகரம் முழுவதையும் காணலாம் என்பதால் பயணிகள் திரளாக ஏறுகின்றனர். குன்றின் அடிவாரப் படிகளில் வண்ண நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு இளைஞர்கள் நிற்பார்கள். "எந்த நாடு சகோதரா?" என்று சிரித்த முகத்துடன் கேட்டபடி உங்கள் விரலைப் பற்றிக் கயிறு பின்னத் தொடங்கிவிடுவார்கள். முடிச்சு இறுகியதும் 10 யூரோ, 20 யூரோ என்று கேட்பார்கள். தர மறுத்தால் இன்னும் இருவர் சூழ்ந்து கொள்வார்கள்.

அவ்விளைஞர்களுள் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த நம் மார்க்கத்தவரும் இருக்கக்கூடும். தொப்பியையோ பர்தாவையோ கண்டு ஸலாம் கூறவும் கூடும். ஸலாமுக்குப் பதில் கூறுவது நம் கடமை. கையை நீட்டுவது கடமையன்று. பதில் ஸலாம் கூறிக்கொண்டே, கைகளைச் சட்டைப் பைக்குள்ளோ முந்தானைக்குள்ளோ வைத்துக்கொண்டு நடையைத் தொடருங்கள்.

கயிறு கட்டப்பட்டுவிட்டால் என்ன செய்வது? வியாபாரம் என்பது இருதரப்பாரின் மனப்பொருத்தத்தோடு, ஈஜாப், கபூல் என்னும் கூறலும் ஏற்றலும் நிகழ்ந்தால்தான் நிறைவேறும். கேளாமல் கட்டியது வியாபாரமாகாது. ஆகவே விலை கொடுக்கும் கடனும் நமக்கில்லை. கயிற்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் செல்லலாம். முடியாவிடின் மக்கள் நிறைந்த கடையொன்றினுள் நுழைந்துவிடுங்கள். அங்கே நின்று வாதாட வேண்டாம். உயிருக்கு ஊறு வருமெனத் தோன்றினால் சில்லறையைக் கொடுத்துவிட்டு வருவதே அறிவுடைமை.

கையெழுத்துக் கேட்கும் சிறுமியர்

லூவ்ர் அருங்காட்சியகம், நோத்ர் தாம் தேவாலயம் ஆகியவற்றின் முன்னே, அட்டையில் செருகிய தாளுடன் சிறுமியர் வருவர். தாங்கள் வாய் பேசாதோர் எனச் சைகை காட்டுவர். அவ்வகைப் பிள்ளைகளுக்கான சங்கத்தின் பெயர் தாளில் அச்சிடப்பட்டிருக்கும். கையெழுத்திட்டதும் நன்கொடை கேட்பர். நீங்கள் தாளை நோக்கிக் குனிந்திருக்கையில், அட்டையின் மறைவில் இன்னொரு கை உங்கள் பையைத் துழாவும்.

ஏழைக்கு இரங்குவது ஈமானின் அழகாகும். ஆயினும் ஸதகா கொடுப்பதற்கும் ஒழுங்குகள் உண்டு. யாருக்கு, எதற்கு என அறிந்து கொடுத்தல் அவற்றுள் ஒன்று. அறியாத தாளில் கையொப்பமிடுவதோ ஸதகாவின் நிபந்தனை அன்று. தருமம் செய்ய மனம் விழைந்தால் அந்நகரிலேயே வழியுண்டு. 1926-இல் திறக்கப்பட்ட பாரிசின் பெரிய பள்ளிவாசல் நகரின் 5-ஆம் வட்டத்தில் இருக்கிறது. தொழச் செல்லும்போது அங்குக் கொடுக்கலாம். அன்றி, அந்தத் தொகையை எண்ணி வைத்து, ஊர் திரும்பியதும் அண்டை வீட்டு ஏழைக்கு வழங்கலாம். இரக்கம் வீணாகாது, இடம் மட்டுமே மாறுகிறது.

மூன்று கிண்ணங்கள்

ஈஃபில் கோபுரத்தை ஒட்டிய பாலத்திலும் நடைபாதையிலும் தரையில் விரிப்பிட்டு மூன்று கிண்ணங்களைக் கவிழ்த்திருப்பார்கள். ஒன்றின் அடியில் சிறு உருண்டை. எது என்று சொன்னால் 50 யூரோவுக்கு 100 யூரோ. சுற்றி நின்று வென்று மகிழ்வோர் அனைவரும் அவனுடைய கூட்டாளிகளே. உருண்டை நீங்கள் காட்டும் கிண்ணத்தின் அடியில் ஒருபோதும் இராது. வேடிக்கை பார்ப்போரின் சட்டைப்பையைக் கவனிக்கவும் ஆள் நியமித்திருப்பார்கள்.

சூது ஹராம் என்பதை நம் வீட்டுச் சிறு பிள்ளையும் அறியும். ஆகவே விளையாட மாட்டோம். ஆனால் 'பார்ப்பதில் என்ன தவறு' என்று நின்றுவிடுகிறோம். நிற்பதும் ஆபத்து என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பாவம் நடக்கும் இடத்தில் கூட்டம் சேர்க்காமல் கடந்து செல்பவனின் பை பத்திரமாக இருக்கும்.

போலிக் காவலரும் பொய் உதவியாளரும்

சாதாரண உடையில் இருவர் வந்து, அட்டையை ஒரு நொடி காட்டி, "காவல்துறை, கள்ள நோட்டு நடமாடுகிறது, உங்கள் பணப்பையைச் சோதிக்க வேண்டும்" என்று கூறுவார்கள். எண்ணிப் பார்த்துத் திருப்பித் தரும்போது சில தாள்கள் குறைந்திருக்கும். உண்மையான காவலர் அடையாளச் சான்று கேட்கலாம்; வீதியில் நின்று உங்கள் பணத்தை எண்ண மாட்டார். இத்தகைய நேரத்தில் பணப்பையை வெளியே எடுக்காமல், "காவல் நிலையத்துக்கு வருகிறேன், அங்குப் பாருங்கள்" என்று பணிவாகக் கூறுங்கள். போலியாயின் அப்போதே மறைந்துவிடுவார்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எங்கும் அவசர அழைப்பு எண் 112. பிரான்சில் காவல்துறைக்கு 17.

இரயில் நிலையத்துப் பயணச்சீட்டு எந்திரத்தின் அருகே, கழுத்தில் ஏதோ அட்டையைத் தொங்கவிட்டு "உதவட்டுமா?" என்பவர் இன்னொரு வகையினர். தம் அட்டையால் வாங்கித் தருவதாகக் கூறி, பல நாள் சீட்டின் விலையைப் பெற்றுக்கொண்டு, சிறுவர் சீட்டையோ பயன்படுத்திய சீட்டையோ கையில் திணித்துவிடுவார். பரிசோதகரிடம் அகப்பட்டால் அபராதம் கட்டுவது நாம். 2025 ஜனவரியில் மெட்ரோ இரயிலின் ஒருவழிக் கட்டணம் 2.50 யூரோவாகவும், விமான நிலையத்துக்கான கட்டணம் 13 யூரோவாகவும் நிர்ணயிக்கப்பட்டன. கட்டணம் அவ்வப்போது மாறும், புறப்படுமுன் தெரிந்துகொள்ளுங்கள். சீட்டை நிலையத்துச் சாளரத்தில் வாங்குங்கள். அல்லது எந்திரத்தில் நீங்களே வாங்குங்கள்.

சார்லஸ் டி கோல் விமான நிலையத்தில் இறங்கியதும், "டாக்ஸி, டாக்ஸி" என்று உள்ளேயே வந்து அழைப்பவரைப் பின்தொடரலாகாது. முறையான டாக்ஸிகள் வெளியே உரிய வரிசையில் நிற்கும். அவற்றுக்கு 2016-ஆம் ஆண்டு முதல் நிலைக்கட்டணம் உண்டு. 2024-இல் செய்ன் நதியின் வடகரைப் பகுதிக்கு 56 யூரோ, தென்கரைப் பகுதிக்கு 65 யூரோ. உள்ளே வந்து அழைப்பவரோ இதைப் போல் பன்மடங்கு கேட்பதுண்டு. மாடு வாங்கச் சென்றால் பல்லைப் பிடித்துப் பாராமல் முன்பணம் கொடுக்காதவர்கள் நாம். விலை கேளாமல் வண்டியில் ஏறலாமா?

கூட்டத்தில் நுழையும் கை

மேற்கூறியவை பேச்சால் செய்யும் ஏமாற்று. பேச்சே இல்லாதது பிக்பாக்கெட். பாரிசில் இது எத்துணைத் தொல்லை என்பதற்கு இரு நிகழ்ச்சிகள் சான்று. 2013 ஏப்ரலில் லூவ்ர் அருங்காட்சியக ஊழியர்கள் பிக்பாக்கெட் கும்பல்களைக் கண்டித்து வேலைநிறுத்தம் செய்ததால் அருங்காட்சியகம் ஒரு நாள் மூடப்பட்டது. 2015 மே மாதத்தில் ஈஃபில் கோபுர ஊழியர்களும் அதே காரணத்தால் பணியை நிறுத்தினர். கோபுரம் பல மணி நேரம் திறக்கப்படவில்லை.

முக்கிய இடங்களை இணைக்கும் மெட்ரோ முதல் தடத்திலும், விமான நிலையத்தையும் வில்பேந்த் கண்காட்சித் திடலையும் நகரோடு இணைக்கும் ஆர்.இ.ஆர். 'பி' தடத்திலும் கவனம் மிகுதியாகத் தேவை. கதவு மூடும் கணத்தில் கைப்பேசியைப் பறித்துக்கொண்டு வெளியே குதிப்பது அவர்கள் வழக்கம். ஆகவே கதவருகே நின்று கைப்பேசியைப் பார்க்க வேண்டாம்.

நம் ஹாஜிகள் இடுப்பில் கட்டிச் செல்லும் ஹஜ் பெல்ட்டை வீட்டுப் பரணில் போட்டு வைக்காதீர்கள். பாஸ்போர்ட்டுக்கும் பெருந்தொகைக்கும் அதுவே ஏற்ற இடம், சட்டைக்குள் இருக்கட்டும். அன்றைய செலவுக்கு உரியது மட்டும் வெளிப் பையில் இருக்கட்டும். தொழ நேரும்போது கைப்பையை முதுகுக்குப் பின்னே வைக்காமல், ஸஜ்தா செய்யும் இடத்துக்கு முன்னே ஸுத்ராவைப் போல் வைத்துக்கொள்ளுங்கள்.

சகோதரிகளுக்கு ஒரு சொல். பிரான்சில் வழக்கமாக விற்கப்படும் தங்கம் 18 காரட். நாம் அணிவதோ 22 காரட். நிறத்திலேயே வேறுபாடு தெரியும். சங்கிலியும் வளையல்களும் பர்தாவுக்குள் மறைந்திருக்கட்டும். இயலுமாயின் அவற்றை ஊரிலேயே விட்டுச் செல்லுங்கள்.

சட்டத்துக்குள் நடக்கும் ஏமாற்று

அட்டையால் பணம் செலுத்தும்போது கடையின் கருவி, "ரூபாயிலா, யூரோவிலா?" என்று கேட்கும். ரூபாய் என்றதும் நமக்கு மகிழ்ச்சி. ஆனால் ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தைக் கடைக்காரர் தரப்பு நிர்ணயிக்கும். அது நமக்குப் பாதகமாகவே இருக்கும். எப்போதும் யூரோவையே தேர்ந்தெடுங்கள். 'கமிஷன் இல்லை' என்று பலகை தொங்கவிட்ட நாணயமாற்றுக் கடைகளில், கமிஷன் விகிதத்துக்குள் ஒளிந்திருக்கும். கையில் எத்தனை யூரோ தருவீர் என்று முதலில் கேளுங்கள்.

உணவகங்கள் விலைப்பட்டியலை வெளியே வைக்க வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். வரியும் சேவைக் கட்டணமும் அவ்விலையில் அடக்கம். அதன்மேல் 'டிப்ஸ்' கட்டாயம் என்று கூறுவது உண்மையன்று. குடிநீருக்குப் புட்டி வாங்க வேண்டியதில்லை. 'கராஃப் தோ' என்று கேட்டால் குடுவையில் குழாய் நீர் இலவசமாகத் தருவார்கள். ஹலால் என்ற சொல் பலகையில் இருந்தால் மட்டும் போதாது. எந்தப் பள்ளிவாசல் நிறுவனத்தின் சான்று என்று கேட்கத் தயங்காதீர்கள்.

தமிழ் பேசுவதே சான்றாகாது. ஐயமே அறிவும் ஆகாது

கார் து நோர் இரயில் நிலையத்துக்கு அருகே லா ஷப்பல் என்ற பகுதியுண்டு. ஈழத் தமிழர்களின் மளிகைக் கடைகளும் உணவகங்களும் நிறைந்த இடம். அங்கே தமிழ் ஒலி கேட்டதும் நம் உள்ளம் குளிரும். அவர்களிடம் வழி கேளுங்கள், உறவாடுங்கள். ஆயினும் தெருவில் தமிழில் பேசியவர் என்பதற்காக, ஸலாம் கூறியவர் என்பதற்காக, பாஸ்போர்ட்டையோ பணத்தையோ ஒப்படைக்க வேண்டாம். மொழி உறவுக்கு வழி. பொறுப்புக்குச் சான்று வேறு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஊர் திரும்பி, "இன்ன நாட்டார் எல்லாரும் திருடர்" என்று பேசுவது மார்க்கம் கண்டித்த தீய எண்ணமாகும். திருட்டுத் தொழிலில் சிறுமியரை இறக்கிவிடுவோர் வேறொருவர், அச்சிறுமியர் பாதிக்கப்பட்டவர்கள். கயிறு விற்கும் இளைஞனின் வறுமையும் உண்மையே. அவனுக்குப் பணியாமல் இருப்பது போதும். இழிவாகப் பேச நமக்கு உரிமை இல்லை. நம்மையும் நிறத்தைக் கொண்டு எடைபோடுவோர் உலகில் உண்டு என்பதை மறக்கலாமா?

இழந்துவிட்டால்

எத்தனை எச்சரிக்கையாய் இருந்தாலும் இழப்பு நேரலாம். அப்போது செய்ய வேண்டுவன:

முதலில் வங்கிக்கு அறிவித்து அட்டையை முடக்குங்கள். அறிவித்த பின் நடக்கும் கள்ளப் பரிமாற்றத்தின் இழப்பு வாடிக்கையாளரைச் சேராது என்பது ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்த விதி. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அடுத்து, அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் அளித்து அதன் நகலைப் பெறுங்கள். பாஸ்போர்ட் போயிருந்தால் அந்த நகலோடு பாரிசின் 16-ஆம் வட்டத்திலுள்ள இந்தியத் தூதரகத்துக்குச் செல்லுங்கள். தாயகம் திரும்புவதற்கு மட்டும் பயன்படும் அவசரச் சான்றிதழை அங்கு வழங்குவார்கள். பாஸ்போர்ட், விசா ஆகியவற்றின் நகல்களையும் இரு புகைப்படங்களையும் வேறொரு பெட்டியில் வைத்திருந்தால் இவ்வேலை எளிதாகும். மூவராகப் பயணம் சென்றால் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்வது நபிவழி. அவரிடம் அனைவரின் நகல்களும் இருக்கட்டும். பணத்தை மட்டும் மூவரும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று. வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஏமாற்றுக்காரனுக்குப் பெருந்துணை நம் வெட்கமே. நம் கொங்கு நாடு இதை அறியும். திருப்பூரில் பாசி நிதி நிறுவனம் 930 கோடி ரூபாய் அளவுக்கு மோசடி செய்தது 2009-இல் வெளிப்பட்டது. 2022-இல்தான் கோவை நீதிமன்றம் அதன் இயக்குநர்களுக்கு 27 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2012-இல் பெருந்துறையில் ஈமுக் கோழிப் பண்ணை மோசடி வெளிப்பட்டது. இத்தகைய மோசடிகளில் பணம் போட்டதை மனைவி மக்களிடமும் சொல்ல நாணி, உள்ளேயே வெந்தவர் உண்டு.

அயல்நாட்டில் கம்பெனிப் பணத்தை இழந்த இளைஞனின் நிலையை எண்ணிப் பாருங்கள். முதலாளியிடம் சொல்ல அஞ்சுகிறான். அத்தாவுக்குத் தெரிந்தால் திட்டுவாரென நடுங்குகிறான். ஊர் திரும்பியதும் கந்து வட்டிக்கு வாங்கித் தொகையை ஈடுகட்டுகிறான். 500 யூரோ போனது சிறு இழப்பு. வட்டியில் விழுந்தது பேரிழப்பு. இம்மையிலும் மறுமையிலும் அவனை வாட்டும் இழப்பு.

ஆகவே முதலாளிமாருக்கும் பெற்றோருக்கும் ஒரு மார்க்கச் சட்டத்தை நினைவூட்ட விரும்புகிறேன். நிறுவனப் பணத்தைக் கையில் வைத்திருக்கும் பணியாளர் அதற்கு அமீன், அதாவது நம்பிக்கைக்குரிய காப்பாளர். அவர் வரம்பு மீறாமலும், கவனக்குறைவு இல்லாமலும் இருந்து, அப்பொருள் களவு போனால் அவர் மீது ஈடு இல்லை. இது ஃபிக்ஹு நூல்கள் ஒப்புக்கொண்ட விதி. ஆகவே அவருடைய சம்பளத்தில் பிடித்தம் செய்யுமுன் இதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அனுப்புமுன், "எது போனாலும் முதலில் எனக்குச் சொல்; நீ பத்திரமாக வந்தால் போதும்" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். அந்த வார்த்தை அவனை வட்டிக்காரன் வாசலிலிருந்து காக்கும்.

தம்பிமாரே! உங்களுக்கும் இதே சட்டம் ஒரு பொறுப்பைச் சுமத்துகிறது. கவனக்குறைவு இல்லாதவனுக்கே இந்தச் சலுகை. கம்பெனிப் பணத்தைப் பின்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிண்ண விளையாட்டை வேடிக்கை பார்த்தவன், நான் அமீன் என்று வாதாட முடியாது. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் வைக்குமாறு அறிவுறுத்திய நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். ஹஜ் பெல்ட்டைக் கட்டுவதும், பையை முன்னே போட்டுக்கொள்வதும், "வேண்டாம், நன்றி" என்று நில்லாமல் நடப்பதும் இக்காலத்தில் ஒட்டகத்தைக் கட்டுவதாகும்.

பயணத் துஆவை மனனம் செய்யும்போது இவற்றையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: கண்டெடுத்தது நமக்கு ஆகாது. கேளாமல் தந்தது வியாபாரம் ஆகாது. அறியாத தாளில் கையெழுத்து ஆகாது. சூதின் அருகே நிற்பது ஆகாது. வீதியில் பணப்பையைத் திறப்பது ஆகாது. இழந்ததை மறைப்பது அறவே ஆகாது.

பயணம் செல்லும் நம் பிள்ளைகளையும் பெற்றோரையும் வல்ல அல்லாஹ், பொருளும் மானமும் ஈமானும் குறையாமல் வீடு சேர்ப்பானாக! ஆமீன்.